கன்னத்துக் கறை

அவரிடம் போய் அவசரம் என்று சொல்லிவிட்டால் வந்த காரியம் அன்றோடு கெட்டது. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பார். ஜன்னலுக்கு வெளியே, வீதிக்கு எதிர்ப்பக்கம் இருக்கிற கடையைக் கையால் காட்டுவார்.

“அங்க போங்க. போன்ல புடிச்சு அஞ்சு நிமிஷத்துல குடுத்துருவாங்க. தப்பா நினைக்க மாட்டேன்.”

சொல்லும்போது குரலில் கோபம் இருக்காது. அதுதான் வந்தவர்களைச் சங்கடப்படுத்தும். முக்கால்வாசிப் பேர் போகாமல் நின்றுவிடுவார்கள்.

ஹட்டன் டவுனில் ஒரு புடவைக் கடைக்கு மேலே, செங்குத்தான படிகளில் ஏறிப் போனால் இடதுபக்கம் ஓர் அறை. பழைய படம், பழைய நெகட்டிவ் எது கொண்டுபோனாலும் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றித் தருவார். எல்லோருக்கும் அவர் ஸ்கேன் மிஸ். அவருடைய பெயர் எனக்குத் தெரியும். எழுத மனம் வரவில்லை.

அப்போது அவருக்கு ஐம்பது வயது இருக்கும். நெடிய உருவம். வெயில் அடித்தாலும் சாம்பல் நிற ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டார். கைகளில் வெள்ளைப் பருத்தி உறை. அறை மூலையில் ஒரு மர அலுமாரி. அதற்குள் பகலும் இரவும் ஒரு சிறிய பல்ப் எரிந்துகொண்டே இருக்கும். ஈரம் ஏறாமல் இருக்க அந்தச் சூடு. மக்கள் கொடுத்த நெகட்டிவ்கள் எல்லாம் அதற்குள்தான், தனித்தனிக் காகித உறைகளில். பிற்பகலில் பனிமூட்டம் இறங்கி வீதியை மறைக்கத் தொடங்கியதும், செய்கிற வேலையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து ஜன்னலைச் சாத்துவார்.

“நம்ம ஊர்ல படத்துக்கு எமன் நெருப்பு இல்ல டீச்சர். இந்தப் பனிதான்.”

அவருடைய அப்பா ஒரு தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சராக இருந்தவர். மிஸ் பிறந்து வளர்ந்தது ஸ்டாஃப் குவார்ட்டர்ஸில். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குள் கால் வைத்திருக்கிறாரா என்பது சந்தேகம். ஆனால் லயத்துக் கூரை ஒழுகினால் டிரங்குப் பெட்டிக்குள் இருக்கிற படத்துக்கு என்ன ஆகும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

முதன்முதலாக நான் போனது பாடசாலை வேலையாக. நான் படிப்பிக்கிற தோட்டப் பாடசாலை மஸ்கெலியாவுக்கு மேலே இருக்கிறது. அதன் பழைய விளையாட்டுப் போட்டிப் படங்களின் நெகட்டிவ்கள் அதிபரின் மேசை லாச்சியில் கிடந்தன. ஒரு சுருளை உருவி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, “இதுதான் மிஸ்” என்று நீட்டினேன்.

“மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?”

“ரொட்டியும் சம்பலும்.”

“அது இப்ப அந்தப் புள்ளைங்க மூஞ்சில இருக்கு.”

பிறகு ஓர் உறையைக் கொடுத்து மாட்டச் சொன்னார். ஓரத்தை மட்டும் பிடிக்க வேண்டும் என்றார். நெகட்டிவுக்கு ஒரு பக்கம் பளபளப்பாக இருக்கும், மறுபக்கம் மங்கலாக இருக்கும், மங்கல் பக்கத்தில்தான் படம் உட்கார்ந்திருக்கிறது, அதில் நகம் பட்டால் முடிந்தது என்றார். ரப்பர் பந்து ஒன்றை அமுக்கி அமுக்கித் தூசியை ஊதினார். மேலே விளக்கு வைத்த ஸ்கேனரின் மூடியைக் குழந்தையைத் தூளியில் கிடத்துவது போல இறக்கினார். எனக்கு அவரை உடனே பிடித்துப்போனது. எதையும் அரைகுறையாகச் செய்து பழகிய ஊரில், ஒரு மனுஷி ஒரு விரல்நீளப் பிலிமுக்கு இத்தனை மரியாதை கொடுக்கிறாரே என்று நினைத்தேன்.

அன்றைக்கே ஒரு சம்பவம். திம்புள்ளப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர், வேறெங்கோ ஸ்கேன் செய்து பெரிதாக்கிய தன் அப்பாவின் படத்தைக் கொண்டுவந்திருந்தார். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற கத்தியோடு ஒருவர் நிற்கிறார். படம் தெளிவாகத்தான் இருந்தது. “என்னமோ அப்பா மாதிரி இல்லீங்க மிஸ். என்னான்னு சொல்லத் தெரியல” என்றார் பெரியவர்.

மிஸ் ஒரு நிமிடம் பார்த்தார். “உங்கப்பா இடதுகைக்காரரா?”

“இல்லீங்களே.”

“கத்தி இடது கையில இருக்கு. நெகட்டிவ்வ திருப்பிப் போட்டுட்டாங்க.”

கம்ப்யூட்டரில் படத்தை ஒரே தட்டில் மாற்றிக் காட்டினார். வகிடு, மச்சம், தோளின் சரிவு எல்லாம் பக்கம் மாறின. பெரியவர் இரண்டு கையையும் கூப்பிவிட்டார். எனக்குப் புல்லரித்தது. மறுநாள் ஆசிரியர் அறையில் இதை நான் நடித்தே காட்டினேன்.

இன்னொரு முறை நான் அங்கே இருந்தபோது நல்லதண்ணியிலிருந்து ஒரு பெண் வந்தார். புருஷன் இறந்த முப்பதாம் நாளுக்கு வைப்பதற்காகப் படம் கொடுத்திருந்தாராம். முப்பது முடிந்து ஐந்து நாளாகியிருந்தது. படியேறி வந்த வேகத்திலேயே சண்டைக்கு வந்திருப்பது தெரிந்தது. மிஸ் திரையை அந்தப் பெண்ணின் பக்கம் திருப்பினார். ஒரு மனிதர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார். கண் ஓரச் சுருக்கம், சட்டைக் காலரில் பிரிந்த நூல், எல்லாம் தெரிந்தது. அந்தப் பெண் திரையில் கையை வைத்து அழத் தொடங்கினார்.

“நாள் போனா என்னம்மா? ஆள் வந்துட்டாருல்ல” என்றார் மிஸ்.

இதையும் நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். பெரிய வார்த்தை என்று நினைத்தேன். அந்தப் பெண் முப்பதாம் நாள் எதை வைத்துக் கும்பிட்டார் என்று நான் யோசிக்கவில்லை.

இந்த நம்பிக்கையில்தான் அம்மாவின் நெகட்டிவை அவரிடம் கொண்டுபோனேன்.

எனக்கு முன்னால் அம்மாவுக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது. செல்வி. நான்கு வயதில் காய்ச்சலும் வயிற்றோட்டமும் வந்து, டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகும் வழியில் இறந்துவிட்டது. நான் பிறந்தது அதற்கு மூன்று வருடம் கழித்து. செல்விக்கு என்று ஒரு படமும் கிடையாது. ஆனால் அவள் இறப்பதற்குச் சில மாதம் முன்பு, தோட்டத்துக் கோயில் தேர் அன்று, பாடசாலையில் இருந்த ஒரு மாஸ்டர் தன் கேமராவில் அம்மாவையும் பிள்ளையையும் சேர்த்து எடுத்தாராம். பிரிண்ட் போட்டுத் தருவதற்குள் அவருக்கு மாற்றல் வந்துவிட்டது. போகும்போது அந்த நெகட்டிவ் துண்டை ஒரு கவரில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். பிற்பாடு அப்பா அதை ஒரு ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனபோது, பூஞ்சை பிடித்துவிட்டது, ஒன்றும் வராது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அது அம்மாவின் டிரங்குப் பெட்டியில், சேலை மடிப்புக்குள் கிடந்தது.

வயதான பிறகு அம்மா ஒரு புதுக் கவலையைச் சொல்லத் தொடங்கினார். “அவ மூஞ்சி எனக்கு மறந்துகிட்டே வருது. நேத்து யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன், உன் மூஞ்சிதான் வருது.”

அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். மிஸ் நெகட்டிவை விளக்கு மேசையில் வைத்து, பூதக்கண்ணாடியால் நெடுநேரம் பார்த்தார். வேர் ஓடியது போல வெண்மையாகப் பூஞ்சை பாதிப் படத்தை மூடியிருந்தது. அன்றைக்கு வந்த ஸ்கேனில் அம்மா தெரிந்தார். இருபத்தைந்து வயது, தலை நிறையக் கனகாம்பரம். இடுப்புக்குக் கீழே, இடப்பக்கம், வெறும் மேகம்.

அம்மா தன் வாலிபத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. “என்னைய எதுக்கு மிஸ்? புள்ள எங்க? என் சேலைய புடிச்சுக்கிட்டு நின்னுச்சே.”

“அந்த மேகத்துக்குள்ளதான் அம்மா இருக்கணும். நெகட்டிவ்வ விட்டுட்டுப் போங்க. சுத்தம் பண்ணிப் பாக்குறேன். அவசரப்படுத்தாதீங்க.”

நானும் அம்மாவும் ஒரே நேரத்தில் தலையாட்டினோம்.

இரண்டு மாதம் கழித்துப் போனோம். பூஞ்சையைக் கொஞ்சங் கொஞ்சமாகப் பஞ்சால் எடுத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். ஒரு கொலுசுக் கால் வெளியே வந்திருந்தது. அம்மா அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் திரும்பும்போது, “கொலுசு அவளோட அப்பா வாங்குனது” என்று மட்டும் சொன்னார்.

அடுத்த முறை போனபோது சிவனொளிபாத மலைக்கு யாத்திரிகர்கள் வருகிற சீசன். பஸ் நெரிசலில் ஒரு மணி நேரம் நின்றுகொண்டே வந்த அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. ஏற்கெனவே நெஞ்சில் சளி. படியேற முடியாமல் புடவைக் கடை வாசலில் உட்கார்ந்துவிட்டார். நான் மேலே போய்ச் சொன்னேன். மிஸ் கையுறையைக் கழற்றிவிட்டுக் கீழே இறங்கி வந்தார். வாடிக்கையாளருக்காக அவர் படியிறங்கி வந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அம்மாவுக்கு முன்னால் குனிந்து நின்றார்.

“அம்மா, புள்ள இருக்கு. நான் பார்த்துட்டேன். மூஞ்சி முழுசா இருக்கு.”

அம்மாவின் வாய் கோணிக்கொண்டது. “எப்படிங்க இருக்கா?”

“நல்லா இருக்கா. பெரிய கண்ணு. ஆனா கன்னத்துல ஒரு கறை. பூஞ்சை அந்த இடத்தை அரிச்சிருக்கு. அதை மட்டும் சரி பண்ணிட்டுக் குடுக்குறேன்.”

“கறையோட குடுங்க மிஸ். என் புள்ளதானே.”

“வேணாம்மா. இத்தனை வருஷம் கழிச்சு முதல் தடவையா பாக்கப் போறீங்க. அரைகுறையா பார்த்துட்டா அதுதான் மனசுல நிக்கும்.”

அம்மா என்னைப் பார்த்தார். மேலே போய் ஒரு தடவை காட்டுங்க மிஸ், நான் அம்மாவைத் தூக்கிக்கொண்டாவது வருகிறேன் என்று நான் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது வேறு.

“பொறும்மா. இவ்வளவு நாள் பொறுத்தாச்சு. நல்லா வரட்டும்.”

அம்மா கடைக்காரர் கொடுத்த வெந்நீரைக் குடித்துவிட்டு எழுந்தார்.

அதன் பிறகு நான் போன் செய்து கேட்டேன். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில். அந்தக் கறையைச் சுற்றியிருக்கிற தோலின் நிறம் சரியாக ஒட்டவில்லை. மெஷின் தானாகக் கறையை எடுக்கும், ஆனால் கறுப்பு வெள்ளைப் படத்தில் அதை நம்பினால் கண்ணையும் சேர்த்துத் தின்றுவிடும். கையால்தான் செய்ய வேண்டும். “இன்னும் ஆகல டீச்சர். ஆனதும் நானே கூப்பிடுவேன்.” பொறுமையாக, விளக்கமாகச் சொல்வார். நான் அதை அம்மாவிடம் பொறுமையாக, விளக்கமாகச் சொல்வேன்.

மழைக்காலம் தொடங்கிய வாரத்தில் அம்மா இறந்துபோனார். கடைசி இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் சுயநினைவு வந்து வந்து போனது. வந்தபோது ஒருமுறை, “அவங்க கூப்பிட்டாங்களா?” என்று கேட்டார். யார் என்று நர்ஸ் என்னிடம் விசாரித்தார். 

எட்டாம் நாள் மிஸ் போன் செய்தார்.

“டீச்சர், முடிஞ்சிருச்சு. அம்மாவ கூட்டிக்கிட்டு வாங்க.”

அம்மா இல்லை என்றேன். மறுமுனையில் மழைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“அப்படியா” என்றார். பிறகு, “ரொம்ப நல்லா வந்திருக்கு டீச்சர்” என்றார்.

அந்த இரண்டாவது வாக்கியத்துக்காக நான் அவரை வெறுக்கத் தொடங்கினேன். எங்கே வளர்ந்தார், யாரோடு இருந்தார், எது அவரை இப்படி ஆக்கியது என்றெல்லாம் பலர் பலவிதமாகச் சொன்னார்கள். எனக்கு அதில் அக்கறை இல்லை. ஆனாலும் முப்பதாம் நாளுக்கு முன்னால் போய்ப் படத்தை வாங்கி வந்தேன். பெரிய அளவில் பிரிண்ட் போட்டு, அட்டையில் ஒட்டி வைத்திருந்தார். அம்மா நிற்கிறார். அவருடைய சேலைத் தலைப்பை முறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு குழந்தை. பெரிய கண்கள். கன்னங்கள் வழித்துத் துடைத்தது போல மாசு மருவில்லாமல் இருந்தன. என் அக்காவை நான் முதன்முதலாகப் பார்த்தேன். அழகாக இருந்தாள். அழுகை வரவில்லை.

முப்பதாம் நாள் சித்தி வந்தார். அம்மாவின் ஒரே தங்கை. செல்வி இருந்த காலத்தில் எங்கள் லயத்திலேயே இருந்தவர். படத்துக்கு முன்னால் விளக்கை ஏற்றிவிட்டு உட்கார்ந்தவர், கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார்.

“இது செல்வியா?”

“ஆமா சித்தி. தேர் அன்னைக்கு எடுத்தது.”

“தேர் அன்னைக்கா? அப்ப பொட்டு எங்க?”

“எந்தப் பொட்டு?”

“திருஷ்டிப் பொட்டுதான். நான்தான் வச்சேன். புதுச் சட்டை போட்டு அம்புட்டு அழகா இருந்தா, அதனால கன்னத்துல மையால பெருசா ஒண்ணு வச்சு விட்டேன். உங்கம்மா என்னைய திட்டுனா, ஏன்டி இம்புட்டுப் பெருசா வச்சிருக்கேன்னு. பொறவு அவளே, சரி இருக்கட்டும், புள்ளைக்கு ஒண்ணும் வராதுன்னு சொன்னா.” சித்தி படத்தைத் தொட்டுப் பார்த்தார். “பொட்டு இல்லாம அவ யாரோ மாதிரி இருக்கா.”

மறுநாள் முதல் பஸ்ஸில் ஹட்டனுக்குப் போனேன். எதற்காகப் போனேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. அவரை நோகடிக்கப் போனேன்.

மிஸ் வேறு யாருடைய நெகட்டிவையோ ஊதிக்கொண்டிருந்தார். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அது பூஞ்சை இல்லை, மைப் பொட்டு. சித்தி வைத்தது. எங்கள் லயத்தில் எந்தத் தாயைக் கேட்டிருந்தாலும் பார்த்ததும் சொல்லியிருப்பாள். என் அம்மாவுக்கு ஒரு தடவை காட்டியிருந்தால் அந்த நிமிடமே சொல்லியிருப்பார். நீங்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து அழித்தது அதைத்தான்.

அவர் கம்ப்யூட்டரில் எதையோ தேடினார். பூஞ்சையை எடுத்து முடித்ததும், கறையில் கை வைப்பதற்கு முன் எடுத்த ஸ்கேன். திருத்துவதற்கு முன் ஒவ்வொன்றையும் தனியாகச் சேமித்து வைப்பது அவர் வழக்கம். பிள்ளையின் முகத்தைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். திரை முழுவதும் ஒரு கன்னம். நடுவில் ஒரு கறுப்பு வட்டம். ஒரு விரல்நுனியின் அளவு, கீழ்ப்பக்கம் லேசாக இழுபட்டு. வைத்த கைக்குப் பிள்ளை நின்று கொடுக்கவில்லை போலிருக்கிறது.

மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

“ஆமா. ஓரம் சீரா இருக்கு. பூஞ்சை அரிச்சா இப்படி வட்டமா வராது, கிளை கிளையா வரும். நான் பார்த்திருக்கணும்.”

நான் காத்திருந்தேன். அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை வரும் என்று. புடவைக் கடைப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கியவரைப் பற்றி, கறையோடு கொடுங்கள் என்று கேட்டவரைப் பற்றி.   அது வரவில்லை.

“எனக்கு இந்தப் படம் வேணும். இப்படியே” என்றேன். பென்டிரைவை மேசையில் வைத்தேன்.

அதை எடுத்துச் செருகினார். மவுஸில் கையை வைத்தார். பிறகு படத்தைக் கொஞ்சம் நகர்த்தினார்.

“இங்க நெத்திக்கு மேல ரெண்டு கீறல் இருக்கு டீச்சர். அம்மா சேலையிலயும் தூசி இருக்கு. பொட்ட தொட மாட்டேன். மத்தத மட்டும் எடுத்துட்டு, ரெண்டு நாள்ல…”

“இப்பவே வேணும்.”

“ரெண்டே நாள்.”

“அவசரம் மிஸ்” என்றேன்.

எதிர்க் கடையைக் காட்டுவார் என்று பார்த்தேன். காட்டவில்லை. கை மவுஸின் மேலேயே இருந்தது. அமுக்க அவரால் முடியவில்லை. விரல் ஒரு தரம் எழுந்தது, அப்படியே நின்றது. பிடிவாதம் என்று அன்றைக்கு நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. ஆனாலும் இரக்கம் வரவில்லை.

மேசையைச் சுற்றிப் போனேன். அவருடைய கையுறை போட்ட கையை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, நானே மவுஸைப் பிடித்துப் படத்தைப் பென்டிரைவுக்கு மாற்றினேன். பெரிய கோப்பு. மாறி முடிய நேரம் எடுத்தது. அதுவரை நான் பொட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கீறல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.